டேஷ்போர்டைக் கழற்றினால் இப்படியாங்க மாட்டுவது?

ஏசி கூலிங் காயில் மாற்ற கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். என் வண்டியில் அந்த வேலைக்கு டேஷ்போர்டையே கழற்றியாக வேண்டும். ஏசி இப்போது ஜில்லென்று இருக்கிறது, அதில் குறை சொல்லக்கூடாது. ஆனால் கிளவ்பாக்ஸ் ஓரமெல்லாம் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பிய தடம், பொள்ளாச்சி ரோட்டில் வேகத்தடை ஏறினால் உள்ளே எங்கேயோ கீச் கீச், முன்கண்ணாடியோரத் தூண் மூடியோ கிளிப் உடைந்து டபுள் டேப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூடிக்குப் பின்னால்தான் விபத்தில் பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் போகிறது சாமி, அங்கே போயா டேப் ஒட்டுவது!

கேட்டால், "அது முன்னாடியே இருந்ததுங்க." வண்டியை விடும்போதே உள்பக்கம் முழுக்க வீடியோ எடுத்திருந்தேன், அதைக் காட்டியதும் குரல் இறங்கிவிட்டது. சரி, கீறலுக்கு பாலிஷ் போட்டுத் தருகிறார்களாம். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும். கிளவ்பாக்ஸ் மூடி, தூண் மூடி இரண்டையும் புதிதாகவே மாற்றித் தருவதாக ஜாப் கார்டில், அதாவது அவர்களின் வேலைச் சீட்டில், எழுதி வாங்கிவிட்டேன். இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமும் கிடையாது.