விடச் சொல்லி, விடாமல்

பிப்ரவரி 3
இன்றைக்கும் அதே சண்டை. மாடிக்குப் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர் வாயில் புதினா மிட்டாய். "தம் அடிச்சீங்களா?" என்றால் "இல்லையே" என்கிறார். மிட்டாய் வாயை மறைக்கும், சட்டைக் காலரை என்ன செய்யும்? நடுவிரல் ஓரத்தில் பிடித்த மஞ்சள் எந்த சோப்புக்கும் போவதில்லை. சிகரெட்டை விடச் சொல்லித் தொணதொணக்காதீர்கள், அன்பாக எடுத்துச் சொல்லுங்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். விடியற்காலையில் அந்த இருமலுக்குப் பக்கத்தில் ஒரு நாள் படுத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

பிப்ரவரி 9
"அடிச்சீங்களா" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், அதற்கு எப்படியும் பொய்தான் வரும். இப்போதெல்லாம் "என்னைக்கு நிறுத்தறீங்க, தேதி சொல்லுங்க" மட்டும்தான், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. இன்று எரிச்சல் தாங்காமல் "பதினாறாம் தேதி, போதுமா!" என்றார். உடனே காலண்டரில் வட்டம். அப்புறம் சும்மா சொன்னேன் என்று இழுத்தார், நான் காதில் வாங்கவில்லை.

பிப்ரவரி 13
டாக்டரிடம் போனோம். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். இவர் யோசிப்பது போல் மேலே பார்க்க, "பல் தேய்க்கறதுக்கு முன்னாடியே" என்று நான் சொல்லிவிட்டேன். முதல் சிகரெட் அரை மணிக்குள் என்றால், சிகரெட் ஏக்கத்தை அடக்கத் தருகிற நிகோடின் சூயிங்கம் 4 மில்லிகிராம், அதற்கு மேல் தாக்குப்பிடிக்கிறவர்களுக்கு 2 போதுமாம். வெளியே வந்து முறைத்தார். முறைக்கட்டும், இவரை விட்டிருந்தால் 2 தான் கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 18
சொன்னபடி பதினாறாம் தேதி நிறுத்திவிட்டார். ஆனால் மோசம். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் எரிச்சல் உச்சம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனாலும் கதவைச் சாத்துகிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. இதில் அந்தக் கம்மை சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் தொண்டை எரிச்சலுமாக உட்கார்ந்துகொண்டு "எனக்கு இது ஒத்துக்கலை" என்கிறார். மெதுவாகக் கடித்து, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும், சுருக்கு அடங்கினால் மறுபடி ஒரு கடி. நிகோடின் வாய் வழியாகத்தான் ஏறணும், வயிற்றுக்குப் போனால் விக்கல்தான் மிச்சம். காபி குடித்த கையோடு போட்டாலும் சரியாக ஏறாது, கால் மணி நேரம் பொறுக்கணும். ஆக, இப்போது என் பல்லவி "மெல்லாதீங்க, ஒதுக்குங்க".

பிப்ரவரி 23
படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. "சிகரெட் இருந்தப்ப நல்லாத்தானே தூங்கினேன்" என்று ஆரம்பித்தார். சிகரெட்டை விட்டது ஒரு காரணம் என்றால் காபி இன்னொன்று. புகையில் இருக்கிற சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபினை வேகமாகக் கரைக்க வைக்கும், புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதே காபி உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். அளவைப் பாதியாக்கினேன். அதற்கு ஒரு தனிச் சண்டை.

பிப்ரவரி 25
நேற்று தூங்கினார். காபிதான் காரணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

மார்ச் 4
இருமல் கூடியிருக்கிறது. மூச்சுக்குழாயில் படுத்துக்கிடந்த நுண்மயிர்கள் மறுபடி எழுந்து சளியைத் தள்ளுகின்றன, சில வாரத்தில் அடங்கும் என்றார் டாக்டர்.

மார்ச் 15
நண்பர்களோடு வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணு அடிச்சேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. கத்தத்தான் தோன்றியது, ஆனால் கத்தினால் அடுத்த தடவை புதினா மிட்டாய் வரும். "பாக்கெட் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டேன். ஓசியாம். சரி, பதினாறாம் தேதியிலிருந்து எண்ணுகிற பழைய கணக்கிலேயே தொடரட்டும்.

மார்ச் 27
"எனக்குச் சரியாயிடுச்சு, கம் வேண்டாம்" என்று இன்று புதுசாக ஆரம்பித்திருக்கிறார். மூன்று மாதம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தணும் என்று டாக்டர் சொன்னபோது இவரும்தான் தலையாட்டினார். "சிகரெட்டை விடுன்னு ஒரு நச்சரிப்பு, கம்மை விடாதேன்னு ஒரு நச்சரிப்பா?" என்கிறார். ஆமாம் என்றேன். மே மாதம் வரைக்கும் இப்படித்தான்.