ஈசிஎம்மை மாற்றாமலே தீர்ந்த எர்ரர்

பழைய ஹிட்டாச்சி எக்ஸ்கவேட்டர் (மண் அள்ளும் வண்டி) ஒன்றை வாங்கி மாதவரம் யார்டில் இறக்கிய வாரமே தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. 20 டன் வண்டி. ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அழகாக நிற்கும். மணலியில் லோடிங்குக்குப் போட்டால் மத்தியானத்துக்குள் மானிட்டரில் கம்யூனிகேஷன் எர்ரர் வந்துவிடும். த்ராட்டில் டயலைத் திருப்பினாலும் ஆர்பிஎம் ஏறாது, பூம், அதாவது வண்டியின் கை, மந்தமாக அசையும். சாவியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

முதலில் வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஈசிஎம் போச்சுண்ணே. முந்தின ஓனர் பேட்டரி கழட்டாம பக்கெட்டுக்கு வெல்டிங் அடிச்சிருப்பான்." ஈசிஎம் என்பது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் கன்ட்ரோலர். அப்படி வெல்டிங் அடித்துக் கன்ட்ரோலரைக் காலி செய்த வண்டிகள் உண்டுதான். ஆனால் ஈசிஎம் லட்சத்தில் பேசுகிற சாமான். மாட்டிப் பார்த்துச் சரியாகவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

மூலக்கடையில் லாரி வயரிங் பார்க்கும் பாய் ஒருவரை அழைத்தேன். லாரியிலும் இந்த வண்டியிலும் பேச்சுவார்த்தை நடப்பது ஒரே முறையில்தான்: ஜே1939 என்ற கேன் லைன். என்ஜின் ஈசிஎம், பம்ப் கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் முறுக்கிய இரண்டே வயரில் பேசிக்கொள்கின்றன. ஒன்று கேன்-ஹை, மற்றொன்று கேன்-லோ. லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்.

பாய் லேப்டாப்பை 9 பின் சாக்கெட்டில் செருகினார். மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் ஒரே புகாரைப் பதிந்திருந்தன: என்ஜினிடமிருந்து தகவல் வரவில்லை. மெக்கானிக் சொன்னது சரிதானோ என்று எனக்கு வயிறு கலங்கியது. பாய் அடுத்து ஈசிஎம்முக்குள் பதிவான பழைய எர்ரர் கோடுகளை (code) திறந்தார். அதில் எஸ்பிஎன் 639 இருந்தது. அது நெட்வொர்க் லைனைப் பற்றிய கோடு. அதாவது ஈசிஎம்மும் தன் பங்குக்கு, லைன் சரியில்லை என்று எழுதி வைத்திருக்கிறது.

"செத்தவன் கம்ப்ளெயின்ட் எழுதுவானா சார்? இன்ஜின் ஐடில்ல ஓடிக்கினுதானே இருக்கு" என்றார். அந்த இடத்திலேயே என் பணம் பாதி தப்பியது.

பிறகு மீட்டர் வேலை. பேட்டரி 24 வோல்ட்டுக்கு மேலேயே இருந்தது, எர்த்தும் சுத்தம். கட் ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் சி (கேன்-ஹை), டி (கேன்-லோ) பின்களுக்கு இடையே ஓம் வைத்தார். லைனில் கரண்ட் இருக்கும்போது ஓம் வைத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை, அதனால் கட் ஆஃப் முக்கியம். 60 காட்டியது. இரண்டு 120 பேரலலாக இருந்தால் 60தான் வர வேண்டும்; லைன் முழுசு. ஆனால் ஹெல்பர் பையனை விட்டு என்ஜின் பக்கம் போகிற ஹார்னஸை (வயர்க் கட்டை) ஆட்டச் சொன்னதும் 60 துள்ளி 120க்குப் போனது. கையை எடுத்தால் மறுபடி 60. ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டர் அவ்வப்போது கழன்றுபோகிறது என்று அர்த்தம்.

ஆபரேட்டர் தம்பி, "சுத்தும்போதுதாண்ணே வருது, கீழ ஸ்விவல்ல வயர் கட்டாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்விவல் என்பது வண்டியின் மேல்பாதி சுற்றுகிற நடு ஜாயின்ட். எங்கள் வண்டியில் அதன் வழியாகப் போவது ஹைட்ராலிக் ஆயில் மட்டும்தான். கன்ட்ரோலர் எல்லாம் மேல்பாதியில் இருக்கின்றன. சுற்றும்போது விழுகிற குலுக்கலை அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். என் சந்தேகம் வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி நின்றிருக்குமோ என்று சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தேன். சேற்றுக் கோடு எதுவும் இல்லை.

ஈசிஎம் பிளக்கைக் கழற்றி, சி, டி பின்களிலிருந்து அங்கே வரை ஒற்றை வயராகப் பிடித்துப் பார்த்ததில் கேன்-லோ அசையவில்லை. கேன்-ஹை மட்டும் வந்து வந்து போனது. கேபினுக்குப் பின்னால் ஹார்னஸ் வளைகிற இடத்தில் ஃப்ளெக்ஸிபிள் குழாயைக் கீறினோம். உள்ளே கம்பெனி போடாத கறுப்பு டேப் சுற்று ஒன்று. பிரித்தால், ஃபைனான்ஸ்காரர் எப்போதோ மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கர் வயர்! கேன் வயரை வெட்டி, டிராக்கர் வயரைச் சேர்த்துக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். சால்டரிங் கிடையாது, ஸ்லீவ் கிடையாது. வண்டி முன்பு எண்ணூரில் ஓடியது. உப்புக் காற்று டேப்புக்குள் புகுந்து, செம்பு பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் தூளாகக் கொட்டியது. நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தன. என்ஜின் சூடும் குலுக்கலும் சேர்ந்தால் அதுவும் விட்டுவிடும்.

கடன் முடிந்த என்ஓசி கையில் இருந்ததால் டிராக்கரைத் தயங்காமல் கழற்றினோம். பச்சை ஏறிய அளவு வரை வெட்டி எறிந்து, புது முறுக்கு வயர் ஜோடி போட்டு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினார் பாய். முறுக்கைப் பிரித்து நேராக இழுத்தால் பக்கத்து வயரின் இரைச்சல் உள்ளே வரும் என்று, ஜாயின்ட் வரை முறுக்கை விடவேயில்லை. எவ்வளவு ஆட்டினாலும் 60. சாவி போட்டதும் ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே. எர்ரர் கோடுகளை அழித்துவிட்டு மணலிக்கு அனுப்பினேன். எர்ரர் திரும்பவில்லை.

இப்போது வண்டி பார்க்கப் போனால் மீட்டரும் கூடவே வருகிறது. செங்குன்றத்தில் ஒரு வண்டி 40 ஓம் காட்டியது. அப்படியென்றால் மூன்றாவதாக ஒரு 120 எங்கோ தொங்குகிறது. "ஓடுற வண்டிக்கு எதுக்குண்ணே மீட்டரு?" என்றார் விற்பவர். ஹார்னஸைப் பிரித்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.