சிவப்புக் கரையிட்ட தாள்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு அருகே ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில், அபாயகரமான பொருள்களுக்கான ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ‘டேஞ்சரஸ் குட்ஸ்’ என்பதைச் சுருக்கி நாங்கள் அவற்றை ‘டிஜி’ சரக்கு என்போம். இரு ஓரங்களிலும் சிவப்புச் சாய்கோடுகள் அச்சிட்ட அனுப்புநர் அறிவிப்புத் தாளை நீட்டினாலே பலருக்கு அலுப்பு வந்துவிடுகிறது. விமான நிறுவனம் கேட்பதால் எழுதித் தர வேண்டியிருக்கிறது என்ற அளவில்தான் அதை எண்ணுகிறார்கள். அந்தத் தாள், பெட்டியைத் திறந்து பார்க்க முடியாதவர்களுக்காக எழுதப்படுவது. சரக்கை ஏற்றுபவரும் இறக்குபவரும் விமானியும், உள்ளே இருப்பது என்னவென்பதை அந்தத் தாளையும் பெட்டிமேல் ஒட்டிய வில்லைகளையும் நம்பித்தான் அறிகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையிலிருந்து நான்கு லிட்டர் திரவம் வந்தது. இன்வாய்ஸில் ‘துப்புரவுத் திரவம், மாதிரி’ என்று மட்டுமே இருந்தது. கொண்டுவந்த தம்பி, “சர்க்கிட் போர்டு துடைக்கிறதுதான் அக்கா, ஃபேக்டரியில தினமும் பயன்படுத்துறோம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் கையாளும் பொருளை ஆபத்தானது என்று யாரும் நினைப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, போக்குவரத்து விவரங்கள் இருக்கும் 14ஆம் பிரிவைப் பார்த்தேன்: ஐ.நா. எண் (ஆபத்தான பொருள்களுக்கு உலகெங்கும் பொதுவான அடையாள எண்) 1219, ஐசோபுரொப்பனால், வகுப்பு 3 (தீப்பற்றும் திரவங்கள்), பேக்கிங் குரூப் 2 (நடுத்தர ஆபத்து). ஏறத்தாழ 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் திரவம் அது. பினாங்கில் எந்த நாளில், எந்த வேளையில் வெப்பம் அவ்வளவு இறங்குகிறது?

வணிகப் பெயரை அறிவிப்பில் எழுதக் கூடாது என்று நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவது இதற்காகத்தான். 2000ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த மலேசிய ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ330 விமானத்தை இங்கே இத்துறையில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதில் வந்த ஒரு சரக்கு, ஹைட்ராக்ஸிகுயினோலின் என்ற ஆபத்தில்லாத திடப்பொருள் என்று ஆவணத்தில் குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் கலன்களுக்குள் இருந்தது ஆக்ஸாலில் குளோரைடு. ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும், உலோகத்தை அரிக்கும் நச்சுத் திரவம். அது கசிந்து, கோலாலம்பூருக்கான சிப்பாங் விமான நிலையத்தில் சரக்கை இறக்கப் போன ஊழியர்கள் ஐவர் பாதிக்கப்பட்டார்கள். விமானமோ பழுதுபார்க்கவே முடியாதபடி அரிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2007இல் பெய்ஜிங் நீதிமன்றம் அனுப்பிய நிறுவனத்தை 6.5 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கப் பணித்தது. அந்தத் தொகையைவிட அந்த ஐந்து பேரைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். தாளில் உண்மை எழுதப்பட்டிருந்தால் அவர்கள் அந்தச் சரக்கை அப்படி அணுகியிருக்க மாட்டார்கள்.

இனி அந்த நான்கு லிட்டர். அறிவிப்பில் ஐ.நா. எண் முதலில், அடுத்து விமானச் சரக்கு விதிநூலில் உள்ள முறையான பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப், பிறகு பெட்டியின் வகையும் அளவும், கடைசியில் பொதியும் முறையின் எண் என்று வரிசை மாறாமல் எழுத வேண்டும். பயணிகள் விமானத்தில் இப்பொருளுக்குப் பொதியும் முறை எண் 353, ஒரு பெட்டிக்கு உச்ச அளவு 5 லிட்டர். சரக்கு விமானத்தில் மட்டும் செல்வதானால் எண் 364, அளவு 60 லிட்டர். தாளின் மேற்பகுதியில் இவ்விரண்டு விமான வகைகளில் பொருந்தாததை அடித்துவிட வேண்டும். இதை மறந்து திரும்பி வந்த தாள்கள் பல. பிழையைத் திருத்தினால், கீழே கையெழுத்திட்டவரே திருத்தத்தின் அருகிலும் அதே கையெழுத்தை இட வேண்டும். சரக்கைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை அவசரத்துக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. பொருள் சரியாக வகைப்படுத்தப்பட்டு, பொதியப்பட்டு, குறியிடப்பட்டிருக்கிறது என்று அந்தக் கையெழுத்து உறுதியளிக்கிறது. அந்த உறுதியைத் தரப் பயிற்சி வேண்டும், அப்பயிற்சியை 24 மாதங்களுக்குள் புதுப்பிக்கவும் வேண்டும்.

இதே விவரங்கள்தான் பின்னர் விமானிக்குத் தரப்படும் அறிவிப்பிலும் ஏறுகின்றன: எந்தப் பொருள், எத்தனை பெட்டி, எந்தச் சரக்கு அறையில். நடுவானில் புகை எழுந்தால் விமானி அதைப் பார்த்துத்தான் தரையில் உள்ளவர்களுக்குச் சொல்வார். நாங்கள் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் தீயணைப்பு வண்டியும் தவறான எண்ணத்தோடுதான் வந்து நிற்கும்.

எல்லாச் சரக்குக்கும் சிவப்புத் தாள் தேவைப்படுவதில்லை. மருத்துவ மாதிரிகளைக் குளிரவைக்க வைக்கும் உலர் பனிக்கட்டிக்கு, உள்ளே வேறு ஆபத்தான பொருள் இல்லையென்றால், ஏர் வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) ஐ.நா. எண் 1845, பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் உள்ள நிகர எடை ஆகியவற்றைக் குறித்தால் போதும். லித்தியம் அயான் மின்கலங்களை, அவற்றைப் பயன்படுத்தும் கருவி இல்லாமல் தனியே அனுப்புவதில்தான் மக்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். அவற்றுக்கு ஐ.நா. எண் 3480. பவர் பேங்குக்கும் அதே எண்தான், 2016 ஏப்ரல் முதல் அது பயணிகள் விமானத்தில் சரக்காகச் செல்ல முடியாது. தமிழ்நாட்டு உறவினருக்கு அனுப்பும் புடவைப் பொட்டலத்துக்குள் அதை வைத்துவிட்டு ‘துணி’ என்று எழுதித் தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தத் தம்பியிடம் தாளை மறுபடி எழுதச் சொன்னேன். ஐ.நா. தரச் சோதனையில் தேறியதற்கான முத்திரையுள்ள பெட்டியில் ஒரு லிட்டர் புட்டிகள் நான்கை மாற்றிப் பொதிந்து, தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற பொறியாளரின் கையெழுத்தோடு மறுநாள் பிற்பகல் கொண்டுவந்தார். சரிபார்ப்புப் பட்டியலில் எல்லாக் கட்டங்களும் நிறைந்தன. அன்றிரவே சரக்கு புறப்பட்டது.