முக்காட்டுக்குள் இருந்த பள்ளம்

2022-ல் ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் வீட்டுக்காரர் ஓட்டிய பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை என்னைத் தூக்கிப் போட்டுவிட்டது. அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, என் தலையில் இல்லை. இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். காலையில் சட்னி அரைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த ஐந்து வாரம் என்னிடம் இல்லவே இல்லை.

தலையில் அடிபட்டவர்கள் கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றையும் பார்த்து டாக்டர்கள் 15-க்கு மார்க் போடுவார்களாம். நான் வாங்கியது 7. எட்டோ அதற்குக் கீழோ என்றால் கடுமையான காயம். மூளைக்கு மேல் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, வீக்கத்துக்கு இடம் வேண்டுமென்று இடது பக்க மண்டையோட்டில் ஒரு துண்டைக் கழற்றி, என் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அப்போது 1 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்றது. விபத்து நடந்த வீட்டில் யாருக்கும் இது உடனே நினைவுக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

எலும்பைத் திரும்ப வைக்க நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை தலையின் ஒரு பக்கம் குழிந்து கிடந்தது. குனிந்தால் ஒரு மாதிரி, நிமிர்ந்தால் ஒரு மாதிரி இருக்கும். கடைக்குப் போனால் எல்லார் கண்ணும் அங்கேதான் நிற்கும். எங்கள் சபைக் கோயிலில் மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. ஆராதனையில் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டுத்தானே உட்காருகிறோம். சேலைத் தலைப்பை இழுத்து விட்டால் நானும் அந்த வரிசையில் ஒருத்தி.

முதல் நாள் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போதுதான் எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது புரிந்தது. 'எங்களுக்கு வேண்டிய' வரை வந்தேன், அடுத்த சொல் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஜெபம் அது. வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தி 'ஆகாரத்தை' என்றார்கள். நான் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் பாமாலைப் பாட்டு அப்படியே இருந்தது. ராகம் எழும்பினால் நாலு சரணமும் தானாக வரும். பேச்சுப் பயிற்சி தந்த தங்கச்சியிடம் சொன்னேன். வராத சொற்களை ராகம் போட்டுப் பாடிப் பழகச் சொன்னாள்.

வெளியே தெரியாத காயம்தான் ரொம்ப வதைத்தது. அரைமணி நேரம் ஆள் பேசினால் போதும், தலைக்குள் கரண்ட் போன மாதிரி ஆகிவிடும். வாசனை தெரியாது, பால் அடிப்பிடித்துப் புகைந்தாலும் தெரியாது. கோபம் அதைவிட மோசம். ஒரு நாள் சின்னவன் ரிமோட்டைக் கேட்டதற்குச் சில்வர் டம்ளரை அவன்மேல் வீசிவிட்டேன். புருவத்தில் பட்டது. இது பாவமா, நோயா என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் அழுதேன். "கோபத்தை அடக்குற இடத்துலதாம்மா அடி பட்டிருக்கு. பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க" என்றார். இரண்டும் செய்தேன்.

எல்லாரும் அவரைப் போல் இல்லை. ஒரு ஜெபக் கூட்டத்தில், விசுவாசம் இருக்கிறவளுக்கு வலிப்பு மாத்திரை எதற்கு என்று கேட்டார்கள். பயந்து ஒன்பது நாள் நிறுத்தினேன். பத்தாம் நாள் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தேன். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். மாத்திரை எதற்கு என்று கேட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பைபிளில், கைகால் விளங்காத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கிய கதையில், இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று மாற்கு எழுதியிருக்கிறார். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ தடவை படித்ததுதான், அடிபட்ட பிறகுதான் அந்த 'அவர்கள்' கண்ணில் பட்டது. என்னைச் சுமந்தவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். செவ்வாயும் வெள்ளியும் சோறு வரும். ஒருத்தி என் மாத்திரை டப்பாவைக் கிழமை வாரியாக அடுக்கினாள். இன்னொருத்தி வந்தால் பத்தே நிமிஷம், பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவாள். அந்தப் பத்து நிமிஷம்தான் என் மூளை தாங்கிய உபசாரம்.

வீட்டுக்காரர் ஒரு வருஷம் அந்த பைக்கைத் தொடவில்லை. தன்னால்தான் என்று உள்ளுக்குள்ளேயே நொந்துகொண்டிருந்தார். அவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லி நானேதான் கேட்டேன். அடிபட்டவளைப் பார்க்க வந்த யாருக்கும் அவரைப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது கதவோரப் பெஞ்சில் உட்காருகிறேன். டிரம்ஸ் அதிகமானால் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. போன ஜூனில் மறுபடி ஞாயிறு பள்ளிக்குப் போனேன், ஆறு பிள்ளைகள், இருபது நிமிஷம். பெயர்கள் நோட்டில் எழுதியிருக்கும். சொல் வராமல் நான் நின்றால், முன்னால் இருக்கும் வாண்டு ஒன்று "டீச்சர், ஆகாரத்தை" என்று எடுத்துக் கொடுக்கும்.