தாளடி ரீசெட்

நாங்கள் எழுதுவது விர்ச்சுவல் மெஷின் மென்பொருள், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது. அதில் வந்த புகார் இவ்வளவுதான்: ரீபூட் கொடுத்தால் அந்த உள் மெஷின் எழாமல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிச் சுற்றுகிறது, நிறுத்திவிட்டுப் போட்டால் சரியாகிவிடுகிறது. போட்டால்தான் சரியாகிறதே, அப்புறம் என்ன அவசரம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். தை மாதம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்தே வேலை. வெளியே சம்பா அறுப்பு மெஷின் இரைந்துகொண்டிருக்கும், மீட்டிங்கில் மைக்கை அணைத்தே வைத்திருப்பேன்.

அந்த விர்ச்சுவல் மெஷினில் இரண்டு லினக்ஸ். ஒன்று 64 பிட், இன்னொன்று ஏதோ பழைய மென்பொருளுக்காக வைத்திருந்த 32 பிட். 64-இலிருந்து 64-க்கு ரீபூட் ஆனது. 32-இலிருந்து 64-க்கும் ஆனது. 64-இலிருந்து 32-க்குப் போனால் மட்டும் சுற்றல். இதைக் கவனிக்கவே ஒரு நாள் போனது.

64 பிட்டுக்குப் போக, ஈஎஃப்இஆர் என்ற ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) 64 பிட் வேண்டும் என்று சொல்லும் எல்எம்இ என்ற பிட்டை, லினக்ஸின் மையமான கெர்னல் போடும். பிறகு மெமரி முகவரிகளை மொழிபெயர்க்கும் பேஜிங்கைத் திறந்ததும், 64 பிட் வந்துவிட்டது என்று காட்டும் எல்எம்ஏ என்ற பிட்டைப் பிராசஸரே போட்டுக்கொள்ளும். எங்கள் ரீசெட் கோடு, பேஜிங் பிட் இருக்கும் சிஆர்0 ரெஜிஸ்டரை முறைப்படி ஹெக்ஸில் (பதினாறடிமான எண்) 60000010 என்று வைத்தது. பேஜிங் அணைந்தது, எல்எம்ஏவும் போனது. எல்எம்இயை யாரும் தொடவில்லை. அடுத்து வந்த 32 பிட் கெர்னல் பழையது, பிஏஇ (64 பிட்டுக்குக் கட்டாயமான பேஜிங் வசதி) இல்லாதது. அது பேஜிங்கைத் திறந்த நொடியில், எல்எம்இ இருக்கிறது, பிஏஇ இல்லையே என்று பிராசஸர் ஃபால்ட் அடித்தது. அந்தக் கட்டத்தில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஃபால்ட்டைக் கையாளப் போன இடத்திலும் ஃபால்ட், அதற்கு மேலும் ஒரு ஃபால்ட்: ட்ரிபிள் ஃபால்ட், மறுபடி ரீசெட். அந்த ரீசெட்டும் எங்களுடையதுதான்!

நிறுத்திப் போட்டால் ஏன் சரியாகிறது? உள் மெஷினின் ரெஜிஸ்டர்களை நாங்கள் வைத்திருப்பது மெமரியில்; புதிதாக ஒதுக்கிய மெமரி பூஜ்யமாக வருவதால். அத்தனை வருடமும் ஈஎஃப்இஆரை நாங்கள் இனிஷியலைஸ் செய்ததே இல்லை, மெமரியை ஒதுக்கித் தரும் அலொகேட்டர் செய்துகொண்டிருந்தது.

பெங்களூரிலிருக்கும் நீடாமங்கலத்து அண்ணனிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "தம்பி, இது ரீசெட் இல்ல, தாளடி." குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவதுதான் தாளடி. வயலுக்கு அது உரம்.

சரி, எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. ரீசெட்டுக்குப் பின் எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் இன்டெல் கையேட்டின் அட்டவணையை வரிவரியாகப் பார்த்தபோது அதுவும் தப்பு என்று தெரிந்தது. ஈஃபிளாக்ஸ் ரெஜிஸ்டர் 2 ஆக இருக்க வேண்டும். பிழை தேட நிரலை நிறுத்தும் பிரேக்பாயின்ட்டுகளுக்கான டிஆர்7 ஹெக்ஸில் 400. ஈடிஎக்ஸில் பிராசஸரின் அடையாள எண். முதல் கட்டளையோ 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. இனிட் (பிராசஸரைப் பாதி மட்டும் ரீசெட் செய்யும் சிக்னல்) என்பது வேறு கதை: அதில் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களையும் நேரத்தை எண்ணும் டிஎஸ்சி கவுண்ட்டரையும் தொடவே கூடாது. நாங்கள் ரீசெட், இனிட் இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஈஎஃப்இஆருக்கான திருத்தம் ஒரு வரி. டெஸ்ட் எழுதத்தான் நான்கு நாள் பிடித்தது: எல்லா ரெஜிஸ்டரிலும் குப்பையை நிரப்பு, ரீசெட் செய், அட்டவணையோடு ஒப்பிடு. முதல் ஓட்டத்திலேயே டிஆர்7 மாட்டியது. பழைய பிரேக்பாயின்ட் ஒன்று அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது.