மைனஸ் 17 பாகையில் ஆட்டுத் தோள்: நீர்த்தட்டைக் கைவிட்ட மூன்றாவது முயற்சி

சென்ற சனிக்கிழமை, இரண்டு தோல்விகளுக்குப் பிறகு, 3.2 கிலோ எடையுள்ள செம்மறி ஆட்டுத் தோளொன்றை கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில், மைனஸ் 17 பாகைக் குளிரில், தொடக்கம் முதல் முடிவு வரை கரியின் சூட்டிலேயே வேகவைத்து எடுத்தேன். தோள் எலும்பைப் பிடித்து இழுத்தபோது ஒரு நார்கூட ஒட்டாமல் அது கையோடு வந்தது. மார்கழியில் தொடங்கிய முயற்சி தைப்பொங்கல் கழிந்த பிறகே கைகூடியது என்பதால், எங்கே பிசகியது, எதை மாற்றிய பின் சரிவந்தது என்பதை, குளிர்காலத்திலும் ஸ்மோக்கரை (கரிச் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் அடுப்பை) மூடி வைக்க மனம் வராதவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 18 அங்குல விட்டமுள்ள நிமிர்ந்த உருளை ஸ்மோக்கர். எனாமல் பூசிய ஒற்றைச் சுவர் எஃகு. கோடையில் காலையில் கரியை நிரப்பிக் காற்றுத்துளைகளைச் சரிசெய்துவிட்டால் மாலை வரை 120 பாகையில் அசையாமல் நிற்கும். முட்டை வடிவப் பீங்கான் அடுப்பான கமாடோ வைத்திருப்பவர்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி தேவைப்படாது, ஏனெனில் அதன் தடித்த சுவர் சூட்டை எளிதில் வெளியே விடுவதில்லை.

முதல் முயற்சியின்போது வெளியே மைனஸ் 9 பாகைதான், ஆனால் வடமேற்கிலிருந்து பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. வழக்கம்போல மினியன் முறையில், அதாவது பற்றாத கரியின் மேல் கொஞ்சம் கனன்ற கரியை வைத்து நெருப்பு மெல்லப் பரவும்படி, கரியை அடுக்கி, நெருப்புக்கு மேலும் இறைச்சிக்குக் கீழும் இருக்கும் நீர்த்தட்டில் குழாய்த் தண்ணீர் 4 லிட்டர் ஊற்றி, இறைச்சியை வைத்தேன். வலைத்தட்டின் வெப்பம் 97 பாகைக்கு மேல் ஏற மறுத்தது. கீழ்த்துளைகள் மூன்றையும் முழுதாகத் திறந்தபோது காற்று வீசிய பக்கத்துக் கரி மட்டும் கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலானதே தவிர, மேலே 5 பாகைகூட உயரவில்லை. ஒன்பது மணிநேரம் கழித்தும் இறைச்சியின் உள்வெப்பம் 71 பாகையிலேயே நின்றதால், அதை வீட்டுக்குள் கொண்டுபோய் அவன் அடுப்பில் முடித்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் குளிரை நான் தேவைக்கு மேல் குற்றம் சாட்டியது புரிந்தது. சுவர் வழியாக வெளியேறும் வெப்பம், பெரும்பாலும் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. கோடையில் 25 பாகையிலிருந்து 120 என்றால் வேறுபாடு 95. மைனஸ் 17 இலிருந்து 120 என்றால் 137. காற்று அசையாத நாளில் குளிர் மட்டும் செய்யும் கேடு இவ்வளவே, ஒன்றரை மடங்குகூட இல்லை. அதைக் கூடுதல் கரியால் ஈடுசெய்துவிடலாம். வீசும் காற்றின் கதை வேறு. எஃகைச் சுற்றி ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை அது நொடிக்கு நொடி துடைத்துச் செல்வதோடு, கீழ்த்துளை வழியாகப் புகுந்து நெருப்பை ஒருபக்கமாக ஊதியும் விடுகிறது.

ஆகவே இரண்டாவது முயற்சிக்கு முன் காற்றுத்தடுப்பு அமைத்தேன். பழைய தகரத் தகடுகள் மூன்றைக் கீல் போட்டு இணைத்து, வடக்கையும் மேற்கையும் மறைக்கும்படி, ஸ்மோக்கரிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தி, அடியில் மணல் மூட்டைகளை வைத்தேன். கிழக்கும் தெற்கும் திறந்தே இருந்தன. அத்துடன் நீர்த்தட்டில் இம்முறை கேத்திலில் கொதிக்க வைத்த நீரை ஊற்றினேன். தொடக்கம் நன்றாகவே இருந்தது. வெப்பம் 110 பாகையைத் தொட்டபோது வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நண்பகலுக்குள் அது மெல்ல 100 பாகைக்கு இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

இந்த நீர்த்தட்டைப் பற்றித்தான் நான் நிறைய யோசித்தேன். கொதிநீர் ஊற்றினால் சிக்கல் தீரும் என்ற அறிவுரையைப் பலரும் தருகிறார்கள், நானும் அதை நம்பினேன். ஆனால் ஒரு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். அதே நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். கொதிநீர் ஊற்றியதன் மூலம் நான் மிச்சப்படுத்தியது சிறிய தொகையை மட்டுமே. பெரிய தொகையை நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஊற்றிய 4 லிட்டரில் மாலையில் ஒன்றரை லிட்டர்கூட மிஞ்சவில்லை. கோடையில் இந்த இழப்பு நமக்கு நன்மையே, ஏனெனில் நீர் அளவுக்கு மீறிய சூட்டை உறிஞ்சி வெப்பத்தை நிலைப்படுத்துகிறது. மீறிய சூடு என்ற ஒன்றே இல்லாத தை மாதத்தில், நெருப்புக்கும் இறைச்சிக்கும் நடுவில் 100 பாகையைத் தாண்ட முடியாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு 120 பாகையை எதிர்பார்த்தது என் பிழை.

இதைவிட எரிச்சலூட்டிய இன்னொரு விளைவும் இருந்தது. மூடியைத் தூக்கியபோது அதன் உட்புறம் முழுவதும் வியர்த்ததுபோல் துளிகள் படிந்திருந்தன. தேயிலைச் சாயத்தைவிடக் கறுத்த நிறம், விரலில் தொட்டால் பிசுபிசுப்பு, நாக்கில் வைத்தால் மருந்துக் கசப்பு. நீராவியும் புகையும் கலந்து, குளிர்ந்த மூடியில் பட்டு, திரவமாகி, விளிம்பு வழியாக இறைச்சியின் மேலேயே சொட்டியிருந்தன. தோளின் ஒரு ஓரத்தில் சொட்டு விழுந்த இடமெல்லாம் கரும்புள்ளிகள். மேல்துளையின் வெளிப்பக்கத்தில் அதே திரவம் சுண்டுவிரல் நீளத்துக்குப் பழுப்புப் பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டைச் சேமிக்கலாம் என்று மேல்துளையைப் பாதி மூடியிருந்தேன். அதை ஒருபோதும் செய்யக்கூடாது. எவ்வளவு குளிரானாலும் மேல்துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும், காற்றின் அளவைக் கீழ்த்துளைகளில் மட்டுமே கட்டுப்படுத்த வேண்டும்.

மூன்றாவது முறை நீரை முற்றாக விட்டுவிட்டு, பூச்சாடிக்கு அடியில் வைக்கும் 14 அங்குல மண்தட்டை நீர்த்தட்டுக்குள் பொருத்தினேன். நெருப்பின் நேரடிச் சூட்டை மறைப்பதற்கும் சூட்டைப் பிடித்து வைத்துச் சீராக விடுவதற்கும் அது போதும். இதிலும் ஒரு தட்டை இழந்தேன். கொட்டகையில் கிடந்த தட்டு ஈரம் ஊறி உறைந்திருந்தது. ஒத்திகைக்காகக் கரியின் மேல் வைத்த கால்மணி நேரத்தில் நடுவே பிளந்துவிட்டது. குளிர்காலத்தில் கடைகளின் தோட்டப் பிரிவுகள் மூடப்பட்டுவிடுவதால் இன்னொன்று வாங்க வழியில்லை. கடைசியில், குளிருக்காக உள்ளே எடுத்து வைத்திருக்கும் கறிவேப்பிலை மரத்தின் சாடித் தட்டை மனைவி தந்துதவினார். மரத்துக்கு இப்போது பிளாஸ்டிக் தட்டு. அந்த மண்தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வீட்டுக்குள் உலரவிட்டு, அவன் அடுப்பில் 100 பாகையில் இரண்டு மணிநேரம் வைத்து ஈரத்தைப் போக்கிய பின், அலுமினியத் தாளை இரட்டையாகச் சுற்றினேன். இந்த உலர்த்தலைத் தவிர்த்துவிட்டுத் தட்டு உடைந்தது என்று யாரும் வருந்த வேண்டாம்.

கரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கடந்தால் பெரிய கடைகளில் கரி மூட்டைகள் இருந்த இடத்தில் பனி அள்ளும் சவள்களும் உப்பு மூட்டைகளும் வந்துவிடுகின்றன. ஆகவே புரட்டாதியில் விலை குறைக்கும்போதே நான்கைந்து மூட்டைகளை வாங்கி வைப்பது நல்லது. நெடுநேரச் சமையலுக்குக் குளிரில் பிரிக்கெட்டையே (கரித்தூளை அச்சில் அழுத்திய கட்டிகளையே) விரும்புகிறேன். மரக்கரி சூடாக எரிந்தாலும் துண்டுகள் சீராக இல்லாததால் இடையிடையே தொய்கிறது. கோடையில் எட்டு மணிநேரத்துக்கு மூன்றரை கிலோ போதுமாக இருந்தது, இம்முறை ஐந்தரை கிலோ எரிந்தது. விறகுத்துண்டுகளை வெளியே வைக்காதீர்கள். என்னுடைய மேப்பிள் துண்டுகள் பனி ஏறி, முதல் அரைமணி நேரம் வெள்ளைப் புகையையே கக்கின. இப்போது அவை கணப்புக்கு அருகே ஒரு கூடையில் இருக்கின்றன. ஆட்டிறைச்சிக்கு மேப்பிளும் ஆப்பிளும் பொருந்துகின்றன. ஹிக்கரி என் வாய்க்குக் கடுமையாகவே இருக்கிறது.

இறைச்சி, ஹலால் கடையொன்றில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிய ஒன்ராறியோ ஆடு. உறைய வைத்து வரும் நியூசிலாந்துத் தோள்கள் நான் பார்த்தவரை சிறியவை, கொழுப்புப் படலமும் மெல்லியது. முந்திய இரவே 35 கிராம் உப்புத் தடவி, காலையில் யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளும் மிளகும் பூசினேன். ஏற்கெனவே வறுத்த தூள் அதிக சூட்டில் கசந்துவிடும் என்ற அச்சம் இருந்தது, 120 பாகையில் அப்படி ஒன்றும் நேரவில்லை.

சனிக்கிழமை காலை 6:15க்கு, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, சிம்னியில் (கரி பற்றவைக்கும் தகரக் குழலில்) கரியைப் பற்றவைத்தேன். காற்று மணிக்கு 25 கிலோமீட்டர். வானிலை அறிவிப்பில் உடல் உணரும் குளிர் மைனஸ் 28 என்றிருந்தது. அந்த எண் நம் தோலுக்கானது. ஸ்மோக்கரின் எஃகு எவ்வளவு காற்று வீசினாலும் மைனஸ் 17க்குக் கீழே போகாது, தன் சூட்டை வேகமாக இழக்கும், அவ்வளவுதான். 7:10க்கு இறைச்சி ஏறியது. காற்று வரும் பக்கத்துக் கீழ்த்துளையை முழுதாக மூடி, மற்ற இரண்டையும் பாதிக்கு மேல் திறந்து வைத்தேன்; எட்டு மணிக்குள் 118 பாகை, அதன்பின் 114க்கும் 122க்கும் இடையில் நின்றது. மூடியை நண்பகல் வரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு திறப்புக்கும் பழைய சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்பதை முந்திய முயற்சிகளில் குறித்து வைத்திருந்தேன். அதனால் பழச்சாறு தெளிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

11:40க்கு, இறைச்சியின் உள்வெப்பம் மேலே ஏறாமல் நின்றுவிடும் தேக்கம் 67 பாகையில் தொடங்கியது. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீரே இறைச்சியைக் குளிர்வித்து இந்தத் தேக்கத்தை உண்டாக்குகிறது என்று இயற்பியலாளர் கிரெக் புளொண்டர் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார். குளிர்காலக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதைச் சூடாக்கினால் மேலும் வறண்டுபோகும். நீர்த்தட்டும் இல்லாத நிலையில் மேற்பரப்பு அளவுக்கு மேல் காயும் என்று எண்ணி, கோடையில் செய்வதைவிட முன்னதாகவே, 12:50க்கு 70 பாகையில், பழுப்புத் தாளில் சுற்றினேன். 3:20க்கு உள்வெப்பம் 94.

இரண்டு முக்கியமான குறிப்புகள். வெப்பமானியின் அல்கலைன் மின்கலங்கள் இந்தக் குளிரில் இரண்டு மணிநேரத்தில் சோர்ந்துவிட்டன; லித்தியம் போட்டபின் சிக்கலில்லை. மற்றது, எவ்வளவு குளிரானாலும் ஸ்மோக்கரைக் கராஜின் வாசலுக்குள்கூட நகர்த்தாதீர்கள். எரியும் கரி விடும் காபன் மோனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, கராஜிலிருந்து வீட்டுக்குள் அது எளிதாகப் போய்விடும். அணைந்ததுபோல் தெரியும் கரிக்கும் இது பொருந்தும்.

அடுத்ததாக, இந்தக் குளிரையே துணையாகக் கொண்டு செடார் சீஸுக்குப் புகையிட எண்ணியிருக்கிறேன். 30 பாகைக்குக் கீழே வைத்திருப்பது கோடையில் பெரும்பாடு. இப்போது உறைநிலைக்குச் சற்று மேலான ஒரு நாள் கிடைத்தால் போதும். அதன்பின் சூரை மீன். மாலைதீவில் அதை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்து மாசிக் கருவாடு செய்கிறார்கள். வெயிலுக்குப் பதில் உலர்த்தும் கருவியை வைத்து அந்த வாசனைக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று பார்க்க வேண்டும்.

தோளை உடனே வெட்டவில்லை. அதைச் சூடு ஆறாமல் வைக்க எடுத்த குளிர்ப்பெட்டி (கூலர்) கராஜில் கிடந்து உறைந்திருந்ததால், அதில் வெந்நீரை ஊற்றி அரைமணி நேரம் வைத்துச் சூடாக்கி, துடைத்து, துவாயில் சுற்றிய இறைச்சியை 5:30 வரை உள்ளே வைத்தேன். எடுத்தபோதும் 68 பாகை இருந்தது. மூடியின் உட்புறத்தில் இம்முறை ஒரு துளிகூட இல்லை, மெல்லிய பழுப்புப் படிவம் மட்டும். புட்டுடன் சாப்பிட்டோம். அடிப்பக்கத்து மேலோடு இன்னும் கொஞ்சம் கடினம்தான். மண்தட்டுக்கு மேல் செங்கல் துண்டுகளை வைத்து, அதன்மேல் ஒரு சிறிய தட்டில் அரை லிட்டர் நீர் மட்டும் ஊற்றினால் அது இளகுமா என்பதை வரும் சனிக்கிழமை இன்னொரு தோளை வைத்துப் பார்க்கவிருக்கிறேன். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.