மாத்திரை சாப்பிடுபவரின் நாடித்துடிப்புக் கணக்கு

முதியவர்களின் உடற்பயிற்சி பற்றிப் பேசுவோர் 220-இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்வது வழக்கம். எனக்கு வயது 68 என்பதால் அந்தக் கணக்குப்படி என் இதயம் நிமிடத்துக்கு எட்டக்கூடிய உச்சத் துடிப்பு 152 ஆகிறது. ஆனால், இரத்த அழுத்தத்துக்காக நான் சாப்பிடும் மெட்டோபுரோலால், துடிப்பு ஏறுவதையே கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அதைச் சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மருந்தில்லாதவர்களிலும் ஒரே வயதுடைய இருவருக்கு உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வித்தியாசப்படுவது சாதாரணம்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் காலையில் வேகமாக நடக்கத் தொடங்குமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பி, இதயநோய் மருத்துவரிடம் சென்றேன். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் பார்த்த பிறகு ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நோயைக் கண்டறியச் செய்யும்போது சிலருக்கு இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதுண்டு. நடைப்பயிற்சிக்கான அளவை அறிவதே என் நோக்கம் என்பதால், வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டே வரும்படி கூறினார்.

மார்பில் ரோமத்தை மழித்து, தோலைத் துடைத்து, மின்முனைகளை ஒட்டி, கையில் அழுத்தப் பட்டையைச் சுற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை டிரெட்மில் பட்டையின் வேகமும் ஏற்றமும் கூடின. முதல் கட்டம் மலைச்சாலையில் மெதுவாக ஏறுவதுபோல எளிதாகவே இருந்தது. மூன்றாவது கட்டத்தில் கெண்டைக்கால் இறுகி, வாய்வழியாக மூச்சுவிட வேண்டியதாயிற்று. "ஐயா, கம்பியை இறுக்கிப் பிடிக்காதீங்க, நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே சொல்லுங்க" என்று அருகில் நின்ற பெண் ஊழியர் சொல்லிக்கொண்டே இருந்தார். இனி முடியாது என்று நான் கையைத் தூக்கியபோது திரையில் தெரிந்த துடிப்பு 128.

ஓய்வில் என் துடிப்பு 58. உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள 70-இல் 40 முதல் 60 சதவீதத்தை எடுத்து, அதனுடன் 58-ஐக் கூட்டி, நடக்கும்போது துடிப்பு 86 முதல் 100 வரை இருக்கலாம் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்தார். உச்சத்தை 152 என்று வைத்து இதே முறையில் கணக்கிட்டால் 96 முதல் 114 வரை வரும். எனக்கு 114 என்பது மிதமான நடையே அல்ல, கடுமையான பயிற்சி. இந்த வித்தியாசம் ஒன்றுக்காகவே அந்தப் பரிசோதனை தகும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது சிறிது தூரம் மெதுவாக நடந்த பிறகே வேகம் கூட்டுகிறேன். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் படிப்படியாகக் குறைக்கிறேன். இடையில் நின்று, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கிக்கொள்கிறேன். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதையும் கவனிக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். எண் சரியாக இருந்தும் பேச்சு திணறினால் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் வீட்டிலேயே இரத்த அழுத்த மாத்திரை பெறும் பெரியவர்கள், அதில் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று அதைக் கொண்டு வருபவரிடம் அவசியம் கேட்க வேண்டும். மாத்திரையோ அதன் அளவோ மாறினால் பழைய எண்களை வைத்து நடக்காமல், மருத்துவரிடம் மீண்டும் கேட்டுக்கொள்வது நல்லது.